ஒரு சொல் தவறியதற்கு 24 ஆண்டு வாய்மூடி இருப்பதா?

பட்டர்வொர்த்திலிருந்து 37 வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை நன்றாகப் படித்தவர், பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவர். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் புகுமுக வகுப்பு, நம் பேச்சில் 'ரிமூவ்'. அங்கே ஒரு நாள் மலாய்ப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். 'காசுட் பேரங்' என்று வர வேண்டிய இடத்தில் இவர் 'காசுட் பெரங்' என்று வாசித்துவிட்டார். முன்னது பழுப்பு நிறக் காலணி, பின்னது போர்க் காலணி. வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சேர்ந்து சிரித்து, "சண்டைக்குப் போகிறாயா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து படிவம் 5 முடியும்வரை இவருக்குப் பெயர் 'அஸ்கார்', அதாவது சிப்பாய். நடைபாதையில் பையன்கள் வரிசையாக நின்று சல்யூட் அடிப்பார்கள்.

இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். தினமும் மோட்டாரில் பாலம் கடந்து வேலைக்குப் போகிறார். சூப்பர்வைசர் பதவி தருவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். அந்தப் பதவிக்கு வந்தால் சிப்டு மாறும்போதெல்லாம் 22 பேர் முன்னால் நின்று ஐந்து நிமிடம் மலாயில் பேச வேண்டும். நினைத்தாலே கை ஈரமாகிறது என்கிறார். சாப்பாட்டுக் கடையில் சொல்வது மனைவி, தொலைபேசியில் பேசுவதும் மனைவி. கல்யாண வீட்டில் மொய் எழுதிய கையோடு கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவார். தவிர்க்க முடியாத விருந்து என்றால் போவதற்கு முன் இரண்டு டின் பீர். போன மாதம் யாரோ பழைய மாணவர் புலனக் குழுவில் சேர்க்க, அன்று முன்னின்று சல்யூட் அடித்தவர் "அஸ்கார் வந்துட்டான்" என்று எழுதி சல்யூட் படம் போட்டிருக்கிறார். அன்றிரவே இவர் குழுவைவிட்டு வெளியேறிவிட்டார்.

கேள்விகள் நான்கு. பதவியை மறுத்துவிடலாமா? அந்தப் பள்ளித் தோழரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி எழுதலாமா? நண்பர் தந்த 'படபடப்பு மாத்திரை' சாப்பிடலாமா, டாக்டரிடம் போனால் வேலைக்கு ஆபத்தா? ஒன்றாம் ஆண்டில் சேர்ந்திருக்கும் மகளும் யார் வந்தாலும் பின்னால் ஒளிகிறாளே, அது என்னிடமிருந்து வந்ததா?

அன்பரே,

'எனக்குப் பிறவிக் கூச்சம், இனி மாறாது' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதமே அதை மறுக்கிறது. பதினோரு வயதில் மேடையேறி நான்கு நிமிடம் திருக்குறளைப் பற்றிப் பேசிய பிள்ளை பிறவிக் கூச்சக்காரன் இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவர் புது இடத்தில் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்பார், பழகியதும் கலந்துவிடுவார். உங்களுக்கோ பேச வேண்டிய நாளுக்கு நான்கு நாள் முன்பே தூக்கம் கெடுகிறது. பேசி முடித்த பிறகும் ஓய்வில்லை, இரவெல்லாம் அதையே ஓட்டிப் பார்க்கிறீர்கள். அந்தப் பயத்துக்காக வருமானத்தையும் உறவையும் விட்டுக்கொடுக்கிறீர்கள். இந்த நிலை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைத் தடுத்தால் அதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்பார்கள். கடிதத்தை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட எனக்கு உரிமையில்லை, நேரில் பார்க்க வேண்டும். ஆனால் நன்றாக ஆராயப்பட்ட, சிகிச்சை உள்ள ஒரு நிலையின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மலாயில் 'e' என்ற ஒரே எழுத்துக்கு எ பெப்பெட், எ தாலிங் என்று இரண்டு ஒலி உண்டு. போருக்கும் பழுப்புக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றே, ஒலிதான் வேறு. தாளைப் பார்த்து எந்த ஒலி என்று கண்டுபிடிக்க வழியில்லை, கேட்டுப் பழகியிருந்தால்தான் தெரியும். 13 வயதுப் பையன் செய்தது தப்பே இல்லை. திருத்த வேண்டிய இடத்தில் ஆசிரியர் சிரித்தாரே, அதுதான் தப்பு.

தற்காப்பே மாட்டிவிடுகிறது

அந்த வகுப்பு முடிந்து 24 ஆண்டாகிவிட்டது. பயம் மட்டும் ஏன் இன்னும் புதிதாக இருக்கிறது? காரணம் நீங்கள் தினமும் செய்யும் சின்னச் சின்னத் தற்காப்புகளில் இருக்கிறது. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995இல் முன்வைத்த விளக்கம் இது. இன்றைய சிகிச்சைகள் பலவும் அதன்மேல்தான் நிற்கின்றன. உங்கள் கடிதத்திலிருந்தே எடுத்துக்காட்டுகிறேன்.

தவறு வந்தாலும் யாருக்கும் கேட்காதபடி மெல்லிய குரலில் வேகமாகப் பேசிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அப்படிப் பேசினால் எதிரே இருப்பவர் கழுத்தை நீட்டி, முகத்தைச் சுருக்கி, "என்ன, என்ன?" என்றுதான் கேட்பார். அந்தச் சுருங்கிய முகத்தை நீங்கள் கேலி என்று படிக்கிறீர்கள். அவருக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தவர் பேசும்போதே உங்கள் முறைக்கான வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறீர்கள். அதனால் அவர் சொன்னது காதில் விழுவதில்லை, பதில் பொருந்தாமல் போகிறது, அவரும் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார். 'திமிர் பிடித்தவன்' என்று உங்களைப் பற்றிச் சொன்னதாக வருத்தப்பட்டிருக்கிறீர்களே, அந்தப் பெயர் இப்படித்தான் வந்திருக்கும். வியர்வை தெரியக் கூடாதென்று அக்குளை இறுக்கிக்கொண்டு ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டால் வியர்வை கூடும். நடுக்கத்தை மறைக்கக் கோப்பையை இறுகப் பிடித்தால் கை இன்னும் நடுங்கும்.

பீரும் இந்த வரிசையில்தான் சேரும். இரண்டு டின் குடித்துவிட்டு ஒரு விருந்தைக் கடந்தால், "குடித்ததால் தப்பித்தேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. உங்களால் சமாளிக்க முடிந்தது என்ற செய்தி உள்ளே போய்ச் சேருவதே இல்லை. அடுத்த முறை மூன்று டின் கேட்கும். பதற்றக்காரர் பலர் குடிக்குள் விழுவது இந்த வழியில்தான். இதை இன்றே நிறுத்தப் பாருங்கள்.

எல்லாரும் உங்களையே பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் அளந்து பார்ப்போம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடன் பணியாற்றியவர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர் ஒருவருக்கு, வெட்கப்படும்படியான ஒரு பாடகரின் முகம் போட்ட டி-சட்டையை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். போட்டிருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேராவது அந்த முகத்தைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். உங்கள் 22 பேரையும் எண்ணிப் பாருங்கள். நேப்பாளம், வங்காளதேசத்திலிருந்து வந்தவர்களே பாதிக்குமேல் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பேசும் மலாய் இங்கே வந்து லைனில் நின்று கற்ற மலாய். உங்கள் பெப்பெட்டையும் தாலிங்கையும் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை, காதும் இல்லை. சிப்டு முடிந்து பஸ்ஸைப் பிடிக்கத்தான் அவசரம்.

தைரியம் வந்த பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள்

கடிதத்தில் நான் மறுக்க விரும்பும் பெரிய கருத்து இதுதான். தைரியம் முதலில் வராது. பயத்தோடு பேசி, நினைத்த கேடு நடக்கவில்லை என்று உடம்பு கண்டுகொண்ட பிறகுதான் வரும். அதற்காக நேரே 22 பேர் முன்னால் போய் நிற்கச் சொல்லவில்லை. ஒரு நோட்டில் ஏணி ஒன்று போடுங்கள். பயம் இல்லாததற்கு 0, தாங்கவே முடியாததற்கு 100 என்று மதிப்பெண் வைத்து, எட்டுப் பத்துப் படிகள். உங்களுக்கு ஏற்றபடி ஆறு படிகளை எழுதிப் பார்த்தேன், மிச்சத்தை நீங்கள் சேர்த்து, மதிப்பெண்களையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

30: நாசி கண்டார் கடையில் நீங்களே வரிசையில் நின்று, எந்தக் குழம்பு வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வது. விரலைக் காட்டக் கூடாது.
40: கிளினிக்குக்கோ பட்டறைக்கோ செய்தி அனுப்பாமல் நேரே தொலைபேசியில் பேசுவது.
50: கேன்டீனில் சக ஊழியர் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை எழாமல் இருப்பது.
60: மகள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பது.
70: இப்போதைய சூப்பர்வைசர் பேசும்போது நடுவில் இரண்டு எண்களை மட்டும் நீங்கள் சொல்வது: அன்றைய உற்பத்தி, அன்றைய ரிஜெக்ட்.
90: முழு ஐந்து நிமிடம்.

30லிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு படியையும் வாரத்தில் நான்கைந்து முறையாவது செய்ய வேண்டும். கூட்டம் போல அடிக்கடி வராத படியாக இருந்தால் அதே அளவு பயம் தரும் வேறொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே முறை செய்துவிட்டு 'பரவாயில்லை, அதிர்ஷ்டம்' என்று அடுத்த படிக்குத் தாவுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. போவதற்கு முன் நோட்டில் ஒரு வரி: என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், எத்தனை விழுக்காடு நம்புகிறேன். வந்த பிறகு இன்னொரு வரி: உண்மையில் என்ன நடந்தது. நடந்தது என்றால் கண்ணும் காதும் கண்டது மட்டும். 'அவர் மனதுக்குள் சிரித்திருப்பார்' என்பது அந்த வரியில் வரக் கூடாது. பேசும்போது உங்கள் படபடப்பைக் கவனிக்காமல் எதிரே இருப்பவரின் சட்டை நிறத்தையும் அவர் சொல்லும் சொற்களையும் கவனியுங்கள். மெல்லிய குரல், ஒத்திகை, இறுக்கிய கை, இவற்றில் ஒன்றையாவது ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். தற்காப்போடு ஏறிய படி கணக்கில் சேராது.

இனி உங்களுக்கென்றே ஒரு பயிற்சி. ஏணியில் 60ஐத் தாண்டிய பிறகு, பேச்சுத்துணைக்கு யாரும் இல்லாமல் ஒரு மளிகைக் கடைக்குப் போங்கள். பழுப்புச் சீனிக்கு மலாயில் 'குலா பேரங்' என்பார்கள். அதை வேண்டுமென்றே தவறாக, போர் என்று பொருள் வரும்படி, 'குலா பெரங்' என்று உரத்த குரலில் கேளுங்கள். போகுமுன் எழுதுங்கள்: கடைக்காரர் சிரிப்பார், 80 விழுக்காடு. பெரும்பாலும் அவர் தலையைத் தூக்காமலே அலமாரியைக் காட்டுவார், அல்லது "அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்பார். சிரித்தாலும் சரி, அந்தச் சிரிப்பு எத்தனை விநாடி இருந்தது என்று எண்ணுங்கள். ஐந்து கடைகளில் கேளுங்கள். 13 வயதில் உங்கள் வாயை அடைத்த சொல்லை 37 வயதில் நீங்களே தேடிப்போய்த் தவறாகச் சொல்லிவிட்டுச் சீனிப் பையோடு வீடு திரும்புவீர்கள்.

பதவி

மறுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் 'சரி' என்று மட்டும் சொல்லிவிட்டு அன்றிரவே தூக்கமிழக்கவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. மூன்று மாதம் தற்காலிகப் பொறுப்பாகக் கேளுங்கள். மேலாளரிடம் நோய், மனம் என்றெல்லாம் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இப்படிச் சொன்னால் போதும்: "வேலை எனக்குத் தெரியும். கூட்டத்தின் முன் பேசிப் பழக்கம் குறைவு. முதல் மாதம் எண்களை மட்டும் நான் சொல்கிறேன், இரண்டாம் மாதத்திலிருந்து முழுதும் பேசுகிறேன்." பெரும்பாலான மேலாளர்களுக்கு இது நியாயமாகவே படும். அவர் மறுத்தால் அப்போது யோசிக்கலாம்.

பேச வேண்டிய ஐந்து நிமிடத்தை எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடத்தில் ஒரு சொல் விட்டுப்போனால் முழுதும் சரிந்துவிடும். உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்து தலைப்பு போதும்: பாதுகாப்பு, உற்பத்தி எண், ரிஜெக்ட், பழுதான இயந்திரம், வராத ஆட்கள். முதல் வாக்கியம் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும், ஏனென்றால் உடம்பு மிக அதிகமாகப் படபடப்பது அநேகமாக அந்தத் தொடக்கத்தில்தான். தொடங்குவதற்கு இரண்டு நிமிடம் முன், நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்து ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு முகத்தைப் பாருங்கள். தலைப்புக்கும் தலைப்புக்கும் நடுவே இரண்டு விநாடி சும்மா நில்லுங்கள். உங்களுக்கு அது இருபது விநாடி போலத் தோன்றும், கேட்பவர்களுக்குத் தெளிவாகப் பேசுகிறார் என்று தோன்றும்.

அன்றிரவு மனம் அதை அறுத்துப் பார்க்கத் தொடங்கும். அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கி நோட்டில் எழுதி மூடிவிடுங்கள். படுக்கையில் மீண்டும் வந்தால் "நோட்டில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து பாத்திரமாவது கழுவுங்கள்.

பள்ளித் தோழரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்வதா?

கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அவர் உண்மையாகவே வருந்தலாம். "இன்னுமா அதை நினைச்சுக்கிட்டிருக்க?" என்று தட்டிவிடலாம். அல்லது அதையும் குழுவில் போட்டு மறுபடி கேலியாக்கலாம். இரண்டாவதும் மூன்றாவதும் நடந்தால் தாங்க முடியும் என்று தோன்றும் நாளில் எழுதுங்கள், இப்போது வேண்டாம். உங்கள் விடுதலையை அவர் பதிலில் கட்டிவைத்தால், 24 ஆண்டுக்கு முன் அவர் கையில் இருந்த அதே அதிகாரத்தை மறுபடி அவரிடமே கொடுக்கிறீர்கள்.

அதற்கு முன் அனுப்பாத கடிதம் ஒன்று எழுதுங்கள். நான்கு நாள், நாளுக்கு 15 முதல் 20 நிமிடம், தமிழிலேயே, எழுத்துப்பிழை பார்க்காமல். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986 முதல் ஆராய்ந்து வரும் முறை இது. எழுதிய அன்று மனம் கனத்துப்போவது இயல்பு. நாலாம் நாளும் அது குறையாமல், பழைய காட்சி கண்முன் வந்து உலுக்கினால் நிறுத்திவிட்டு ஆலோசகரிடம் போங்கள். அங்கே அந்த வகுப்பறைக் காட்சியை மனதில் மறுபடி திறந்து, இன்றைய நீங்கள் உள்ளே நுழைந்து அந்தப் பையன் பக்கத்தில் நின்று ஆசிரியரிடம் பேசுவதுபோல் மாற்றி அமைக்கும் பயிற்சி செய்விப்பார்கள். காட்சி அழியாது, அதன் கொட்டும் முள் மழுங்கும்.

பிறகும் தோழருக்கு எழுத வேண்டும் என்று தோன்றினால் தனிச்செய்தியாக, பகலில், இரண்டே வரி: "அந்தப் பெயர் எனக்குப் பள்ளிக் காலம் முழுக்க வலித்தது. இனி அப்படி என்னைக் கூப்பிட வேண்டாம்." விளக்கமும் திட்டும் இல்லாமல், அவர் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள்.

மாத்திரை, டாக்டர், பதிவு

நண்பர் தந்த மாத்திரையின் பெயர் புரோப்ரனலோல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொடாதீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் அந்த மருந்து மூச்சுக்குழாயையும் சுருக்கக்கூடியது. இழுப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து, உங்கள் பையிலோ இன்ஹேலர் இருக்கிறது. மிச்சமிருப்பதை மருந்தகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

மருந்து கட்டாயமா என்றால், இல்லை. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி முதலில் சொல்வது தனிநபர் சிந்தனை நடத்தைச் சிகிச்சையைத்தான், சுமார் நான்கு மாதத்தில் 14 முதல் 16 அமர்வு. மேலே சொன்ன ஏணியெல்லாம் அதன் பகுதிதான். மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவற்றைத் தருவார்கள். பலன் தெரியச் சில வாரமாகும். முதல் இரண்டு வாரம் குமட்டலும் அமைதியின்மையும் வரலாம், அதைப் பார்த்துப் பாதியில் விடுபவர்கள் அதிகம். நிறுத்த வேண்டுமென்றாலும் டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். கூடவே பீர் கூடாது.

அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிப் பதிந்து, "கூட்டத்தில் பேசப் பயம், தூக்கம் கெடுகிறது" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். வெறும் படபடப்பு என்று மட்டும் சொன்னால் இதயப் பரிசோதனையோடு அனுப்பிவிடுவார்கள். தேவையானால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். சமூகப் பயத்தை அளக்கும் 'ஸ்பின்' என்ற 17 கேள்விப் படிவத்தை நிரப்பச் சொன்னால் மனதில் பட்டதை எழுதுங்கள். மொத்த மதிப்பெண் 68, பொதுவாக 19க்கு மேல் வந்தால் மேலும் பார்க்க வேண்டும் என்று பொருள், நோய் என்று தீர்ப்பு இல்லை. தனியார் ஆலோசகரிடம் போவதானால் பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. இரண்டும் இருக்கிறதா பாருங்கள். இந்த பி.ஏ. பட்டப்படிப்பு கிடையாது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவுபெற்றவர், தொழில் நடத்தும் சான்றிதழ் உள்ளவர் என்று அந்த எழுத்துகளுக்குப் பொருள்.

நீங்கள் சொன்னதை உங்கள் சம்மதமில்லாமல் முதலாளியிடம் சொல்ல ஆலோசகருக்கோ டாக்டருக்கோ உரிமையில்லை. காப்புறுதி விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். புதிதாகக் காப்புறுதி எடுக்கும்போது படிவத்தில் மனநலச் சிகிச்சை பற்றிக் கேட்டிருந்தால் உண்மையை எழுதுங்கள். மறைத்தால் பிற்பாடு இழப்பீடு கேட்கும்போது அதையே காரணம் காட்டி மறுக்க இடமுண்டு. அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நஷ்டக் கணக்கு. வாழவே வேண்டாம் என்று தோன்றும் இரவு வந்தால் சந்திப்பு நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் 'ஹீல்' என்ற மனநல உதவி எண் 15555. மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-7627 2929, எந்த நேரமும் அழைக்கலாம்.

மகள்

ஏழு வயதுப் பிள்ளை அந்நியர் வந்தால் ஒளிவது சாதாரணம். சில குழந்தைகள் இயல்பாகவே மெதுவாகப் பழகுவார்கள், அதற்கு நீங்கள் குற்றவாளி இல்லை. ஆனால் உங்களுக்காக மனைவி பேசுவதுபோல் அவளுக்காக நீங்களிருவரும் பேசத் தொடங்காதீர்கள். "என் மக கூச்சப்படுவா" என்று அவள் காதுபட யாரிடமும் சொல்லாதீர்கள். யாராவது பெயர் கேட்டால், அவள் பதில் சொல்ல மனதுக்குள் ஐந்துவரை எண்ணிக் காத்திருங்கள். சனிக்கிழமை காலை பசியாறப் போகும்போது அவள் கையில் ஐந்து வெள்ளியைக் கொடுத்து, கறி பாப்பை அவளையே கேட்டு வாங்கச் சொல்லி, நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள். அவள் திரும்பிப் பார்த்தால் தலையை மட்டும் அசையுங்கள். அவள் வாங்கிய பிறகு, உங்கள் தே தாரேக்கை நீங்கள் கேட்டு வாங்குங்கள், அவளுக்குக் கேட்கும் குரலில்.